தூரத்தில் தெரிவது யார்? வெப்ப நோக்கிகள் காட்டுவதும் காட்டாததும்

உக்ரேன் போர்முனையில் இருட்டை நம்பி யாரும் வெளியே வருவதில்லை. முன்பெல்லாம் பொழுது சாய்ந்தால் காயம்பட்டவர்களைப் பின்னால் கொண்டு செல்வார்கள். உணவும் தோட்டாவும் முன்னால் வரும். படைப்பிரிவுகள் இடம் மாறும். 2022 பிப்ரவரி 24ஆம் தேதி தொடங்கிய முழுப் போர் அந்த வழக்கத்தை மாற்றிவிட்டது. உடல் சூட்டை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கும் கருவி இன்று காலாட்படை வீரரின் துப்பாக்கியில் இருக்கிறது, டாங்கியில் இருக்கிறது, தலைக்கு மேல் பறக்கும் ட்ரோனிலும் இருக்கிறது.

வெப்ப நோக்கி எனப்படும் இந்தக் கருவி ஒரு காலத்தில் பணக்கார நாடுகளின் இராணுவங்களுக்கு மட்டுமே கிடைத்தது. இப்போது சீனாவில் உற்பத்தி பெருகியதால் விலை இறங்கிவிட்டது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்காரர்கள் ‘தெர்மல் ஸ்கோப்’ என்று கேட்டு வாங்கும் சாதாரணக் கடைப்பொருளாக அது மாறியிருக்கிறது. விளம்பரங்கள் ‘ஒரு கிலோமீட்டர் வரை தெரியும்’, ‘இரண்டு கிலோமீட்டர் வரை தெரியும்’ என்று போட்டி போடுகின்றன.

அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால், முழு உண்மையும் அல்ல. ‘தெரியும்’ என்ற சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு தூரங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எந்த நோக்கி எந்த வேலைக்கு ஏற்றது என்று சொல்ல முடியாது. அந்த மூன்றும் குழம்பிப்போகும் இடத்தில்தான் தவறான ஆள் மீது குண்டு பாய்கிறது.

சூட்டைப் பார்க்கும் கண்

இரவுப் பார்வைக் கருவிகளில் இரண்டு வகை உண்டு. பச்சை நிறத்தில் படம் காட்டும் பழைய வகை, நிலவிலும் நட்சத்திரத்திலும் இருந்து வரும் சிறிதளவு ஒளியைப் பெருக்கிக் காட்டுகிறது. ஒளியே இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. வெப்ப நோக்கிக்கு ஒளியே தேவையில்லை. சூடு உள்ள எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. மனிதத் தோலின் சூட்டில் அந்தக் கதிர் 9 முதல் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஆக அதிகமாக இருக்கும். நோக்கியில் உள்ள உணரி அந்தக் கதிரைப் படமாக மாற்றுகிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைக் கடத்தாது. சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஆளை வெப்ப நோக்கியால் பார்க்க முடியாது. கண்ணாடியின் சூடுதான் தெரியும். அதனால் நோக்கியின் லென்ஸ் பெரும்பாலும் ஜெர்மானியம் என்ற தனிமத்தால் செய்யப்படுகிறது. இந்தச் சிறிய விவரம் இன்று பெரிய அரசியலாகிவிட்டது. அது பின்னால் வரும்.

ஒரே கருவி, மூன்று தூரம்

1958இல் ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க இராணுவ ஆய்வாளர் ஓர் எளிய கேள்வியை எடுத்துக்கொண்டார். ஒரு படத்தில் எவ்வளவு நுணுக்கம் இருந்தால் பார்ப்பவருக்கு எவ்வளவு புரியும்? அவர் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அதை இன்றைய பிக்சல் கணக்கில் சொன்னால், இலக்கின் குறுகிய பக்கத்தில் 2 பிக்சல் விழுந்தால் ‘ஏதோ இருக்கிறது’ என்று தெரியும். 8 பிக்சல் விழுந்தால் அது மனிதரா, விலங்கா, வாகனமா என்று சொல்லலாம். ஏறக்குறைய 13 பிக்சல் விழுந்தால்தான் எந்த வகை வாகனம், கையில் இருப்பது துப்பாக்கியா மண்வெட்டியா என்பன போன்ற அடையாளம் கிடைக்கும். அதுவும் நிச்சயமாக அல்ல. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதுதான் ஜான்சனின் கணக்கு.

இன்று பரவலாக விற்கப்படும் ஒரு நோக்கியை எடுத்துக்கொள்வோம். ஒரு பிக்சலின் அளவு 12 மைக்ரோமீட்டர், அகலவாக்கில் 640 பிக்சல், லென்ஸின் குவியத்தூரம் 50 மில்லிமீட்டர். இந்தக் கருவியில் ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஒரு பிக்சல் 24 சென்டிமீட்டரை மூடுகிறது. அரை மீட்டர் அகலமுள்ள மனித உடல் அங்கே வெறும் 2 பிக்சல். ஆக, ‘ஒரு கிலோமீட்டர் வரை தெரியும்’ என்ற விளம்பரம் சரிதான். ஆனால், அது மனிதர் என்று சொல்ல 250 மீட்டருக்கு வந்தாக வேண்டும். அவர் என்ன வைத்திருக்கிறார் என்று சொல்ல ஏறத்தாழ 160 மீட்டருக்கு வர வேண்டும்.

விளம்பரத்தில் வரும் எண் முதல் தூரம். சுடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியது மூன்றாவது தூரத்தில். இரண்டுக்கும் இடையே ஆறு மடங்கு வித்தியாசம்.

லென்ஸைப் பெரிதாக்கினால் தூரம் கூடும். ஆனால், அதற்கும் விலை உண்டு. அதே உணரியில் 25 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் 100 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 31 மீட்டர் அகலத்தைப் பார்க்கலாம். 50 மில்லிமீட்டரில் அது 15 மீட்டராகிறது. 100 மில்லிமீட்டரில் 8 மீட்டர்கூட இல்லை. தொலைவில் உள்ளதைத் துல்லியமாகப் பார்க்கும் வீரருக்குப் பக்கத்துப் புதரில் இருந்து எழுந்து வருபவர் தெரியாமல் போகலாம். எடையும் கூடும், ஜெர்மானியம் கனமான பொருள்.

வேலைக்கு ஏற்ற நோக்கி

இந்தக் காரணத்தால்தான் எந்த இராணுவமும் ஒரே நோக்கியை எல்லாருக்கும் கொடுப்பதில்லை. அமெரிக்கத் தரைப்படையின் ‘பிஏஎஸ்-13’ என்ற வரிசை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதில் இலேசு, நடுத்தரம், கனம் என மூன்று வகை. ஒரு கிலோவுக்கும் குறைவான இலேசு வகை சாதாரணத் துப்பாக்கிக்கு. ஆளைச் சுமார் 550 மீட்டர் வரை பார்ப்பதற்கு. நடுத்தர வகை இயந்திரத் துப்பாக்கிக்கு. சுமார் 1,100 மீட்டர். கனமான வகை குறிபார்த்துச் சுடுபவருக்கும் கனரக இயந்திரத் துப்பாக்கிக்கும். சுமார் 2,200 மீட்டர். ஒவ்வொரு படியிலும் தூரம் இரட்டிப்பாகிறது, சுமையும் ஏறுகிறது.

தெருச் சண்டையில் நுழையும் வீரருக்கு 2,200 மீட்டர் நோக்கியால் பயனில்லை. அவருக்குத் தேவை அகலமான பார்வை. குன்றின் மேல் காவல் இருப்பவருக்கு நிலைமை தலைகீழ். அண்மையில் வந்துள்ள கருவிகளில் துப்பாக்கியில் உள்ள நோக்கி, வீரர் தலையில் அணிந்திருக்கும் கண்ணாடிக்குக் கம்பியில்லாமல் படத்தை அனுப்புகிறது. சுவரின் விளிம்பில் துப்பாக்கியை மட்டும் நீட்டி, தலையை வெளியே காட்டாமலே அப்பால் இருப்பதைப் பார்க்க முடியும்.

இந்தச் சிறிய நோக்கிகளின் உணரிகள் குளிரூட்டப்படாதவை. அழுத்தியவுடன் வேலை செய்யும், மின்கலத்தில் பல மணி நேரம் ஓடும், விலையும் குறைவு. டாங்கி, போர் விமானம், கடலோரக் கண்காணிப்புக் கோபுரம் போன்ற இடங்களில் வேறு வகை இருக்கிறது. அங்கே உணரியை உறைநிலைக்கும் வெகு கீழே குளிர வைக்கிறார்கள். கருவியின் சொந்தச் சூடு படத்தைக் கெடுக்காததால் மிகச் சிறிய வெப்ப வேறுபாடும் தெரியும். பார்வை பல கிலோமீட்டர் நீளும். ஆனால், குளிரூட்டும் பொறி தேயும், பராமரிக்க வேண்டும், விலையும் பல மடங்கு.

உக்ரேனில் பேர் பெற்ற ஜாவலின் டாங்கி எதிர்ப்பு ஏவுகணையில் வெப்ப நோக்கி, ஏவும் கருவியிலேயே இருக்கிறது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்க வீரர்கள் ஏவுகணையைச் சுடாத நாள்களிலும் அந்தக் கருவியை இரவுக் காவலுக்குப் பயன்படுத்தினார்கள். சுடுவதைவிடப் பார்ப்பதற்கே அது அதிகம் உதவியது என்று சொல்லலாம்.

நம் வெயிலும் நம் மழையும்

விளம்பரத்தில் உள்ள தூரங்கள் பெரும்பாலும் தெளிந்த, வறண்ட வானிலைக்கு உரியவை. மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் கதை வேறு.

வெப்ப நோக்கி பார்ப்பது சூட்டை அல்ல, சூட்டு வித்தியாசத்தை. உக்ரேனின் பனிக்காலத்தில் உறைந்த வயலில் நிற்கும் மனிதர் விளக்குப்போல் தெரிவார். இங்கே நண்பகல் வெயிலில் மண்ணும் பாறையும் சுவரும் உடல் சூட்டை எட்டிவிடுகின்றன. ஆள் பின்னணியோடு கலந்துபோவார். காற்றில் உள்ள ஈரப்பதமும் கதிரை விழுங்குகிறது. கனமழையிலும் அடர்ந்த மூடுபனியிலும் தூரம் வெகுவாகச் சுருங்கும். ஈரமும் வெப்பமும் மிகுந்த கடலோரங்களில் நீண்ட தூரம் பார்க்க, 3 முதல் 5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் குளிரூட்டப்பட்ட கருவிகளே பெரும்பாலும் மேல். புகையும் தூசியும் உள்ள இடத்தில் 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வகை மேல்.

காடு இன்னொரு தடை. வெப்ப நோக்கி இலைக்குள் ஊடுருவிப் பார்க்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. இலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் வரும் சூடுதான் தெரியும். முழு மனிதர் மூன்று நான்கு வெண்புள்ளிகளாகச் சிதறித் தெரிவார்.

விடியலிலும் அந்தியிலும் மண், மரம், சாலை, வேலி எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிடும் நேரம் ஒன்று உண்டு. அப்போது உயிருள்ளது மட்டும் தனியாகத் தெரியும்; அது எங்கே நிற்கிறது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரியாது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள் வேலைக்குக் கிளம்புவது அந்த விடியலுக்கும் முன்னால்.

மலேசியத் தோட்டங்களில் காட்டுப்பன்றித் தொல்லை பழையது. வேட்டையாட 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும்; துப்பாக்கி வைத்திருக்க 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். அப்படியிருந்தும், பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்திகள் நம் நாளிதழ்களுக்குப் புதியவை அல்ல. நல்ல கருவி இருந்தால் இந்தத் தவறு நடக்காது என்று எண்ணத் தோன்றும். 250 மீட்டருக்குள் பார்த்தால் அது ஓரளவு உண்மை. 500 மீட்டரில் புதருக்குள் குனிந்திருக்கும் ஒரு வெண்புள்ளியை வைத்து முடிவெடுத்தால், கருவி தவறைக் குறைக்காது. தவறு செய்பவருக்குத் துணிச்சலைத்தான் கொடுக்கும்.

பாலைவனம் சொன்ன பாடம்

இராணுவங்கள் இதை உயிரைக் கொடுத்துத்தான் கற்றன. 1991 பிப்ரவரி 26ஆம் தேதி ஈராக்கியப் பாலைவனத்தில் ‘73 ஈஸ்டிங்’ என்ற இடத்தில் நடந்த டாங்கிச் சண்டை, வெப்ப நோக்கியின் வெற்றிக் கதையாகச் சொல்லப்படுகிறது. மணற்புயல் வீசிய அன்று, வெப்ப நோக்கி பொருத்தியிருந்த அமெரிக்க டாங்கிகள் ஈராக்கிய டாங்கிகளைப் பார்த்தன. அந்த வசதி இல்லாத ஈராக்கியர்களால் திருப்பிப் பார்க்க முடியவில்லை.

அதே போரின் மறுபக்கம் குறைவாகவே பேசப்படுகிறது. சண்டையில் மாண்ட 146 அமெரிக்க வீரர்களில் 35 பேர் தங்கள் தரப்பின் குண்டுக்கே பலியானார்கள். கிட்டத்தட்ட நான்கில் ஒருவர். எல்லாச் சம்பவங்களுக்கும் வெப்ப நோக்கி காரணம் அல்ல. ஆனால், இலக்கைக் கண்டுபிடித்துச் சுடக்கூடிய தூரம், அது யாருடைய வாகனம் என்று சொல்லக்கூடிய தூரத்தைவிட வெகுவாக நீண்டுவிட்டது என்பது அந்தப் போர் காட்டிய உண்மை. 2003இல் ஈராக்குக்குத் திரும்பிச் சென்றபோது, வெப்ப நோக்கியில் குளிர்ந்த சதுரமாகத் தெரியும் தகடுகளைத் தங்கள் வாகனங்களில் மாட்டிக்கொண்டார்கள். கருவி செய்ய முடியாத அடையாளம் காணும் வேலையை ஒரு தகடு செய்தது.

உக்ரேனில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகியிருக்கிறது. ட்ரோன் இயக்குபவர் கிலோமீட்டர்களுக்கு அப்பால் அமர்ந்து சிறிய திரையில் வெண்ணிற உருவத்தைப் பார்க்கிறார். அது எதிரிப் படைவீரரா, சரணடைய வருபவரா, வீட்டை விட்டுப் போக மறுத்த கிராமத்து முதியவரா? சீருடையின் நிறத்தை வெப்பப் படம் காட்டாது. கையில் உள்ள வெள்ளைத் துணியும் அதில் வெள்ளையாகத் தெரியாது. சூட்டை மறைக்கும் போர்வையும் முழுப் பாதுகாப்பு அல்ல. போர்வைக்குள் சூடு தேங்கி ஓரங்களில் கசியும். சில நேரம் சுற்றியுள்ள தரையைவிடக் குளிர்ந்து, நகரும் கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும்.

யார் கையில் லென்ஸ்?

போரைத் தாண்டி இதில் வணிகமும் இருக்கிறது. உலகில் சுத்திகரிக்கப்படும் ஜெர்மானியத்தில் சுமார் 60 விழுக்காடு சீனாவிலிருந்து வருகிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஜெர்மானியம், காலியம் ஏற்றுமதிக்கு உரிமம் தேவை என்று சீனா விதித்தது. 2024 டிசம்பர் 3ஆம் தேதி அமெரிக்காவுக்கு அவற்றை அனுப்பவே தடை போட்டது. கணினிச் சில்லு தொடர்பான அமெரிக்கக் கட்டுப்பாடுகளுக்கு அது பதிலடி. 2025 நவம்பரில் அந்தத் தடை ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது, நீக்கப்படவில்லை. ஜெர்மானியத்துக்குப் பதிலாகச் சால்கோஜெனைடு என்ற சிறப்புக் கண்ணாடியில் லென்ஸ் செய்யும் முயற்சிகள் இதனால் வேகம் பெற்றுள்ளன.

கருவியைக் கட்டுப்படுத்த மேற்கு நாடுகள் எடுத்த முயற்சிகளும் ஓட்டையில்லாதவை அல்ல. ரஷ்யாவின் டி-72பி3 டாங்கிகளில் பிரெஞ்சு நிறுவனமான தாலஸின் வெப்பக் கருவிகள் இருந்தன. 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் ஆயுதத் தடை விதித்த பிறகும், முன்பே கையெழுத்தான ஒப்பந்தங்கள் என்ற அடிப்படையில் பிரான்சிலிருந்து சில பொருள்கள் சென்றது 2022இல் வெளிச்சத்துக்கு வந்தது. சட்டப்படி அது குற்றமல்ல. போர்முனையில் அந்த வேறுபாடு யாருக்கும் உதவவில்லை.

மலேசியாவும் சிங்கப்பூரும் இந்தப் பொருள்கள் கைமாறும் வழித்தடத்தில் இருக்கும் துறைமுக நாடுகள். மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வியூக வர்த்தகச் சட்டமும் சிங்கப்பூரில் வியூகப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டமும் வெப்பப் படக்கருவிகளை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்துள்ளன. நொடிக்கு 9 படங்களுக்கு மேல் காட்டாத மெதுவான கருவிகளுக்கு விதி தளர்வு. வேகமாக ஓடும் இலக்கை அவற்றில் பின்தொடர்வது கடினம் என்பதே அதற்குக் காரணம். துப்பாக்கியில் பொருத்தும் வகைக்கு விதி இறுக்கம். இணையக் கடையில் ‘வேட்டைக் கருவி’ என்று வாங்கி அக்கரைக்கு அனுப்பும் சிறு வணிகர் அறியாமலே சட்டத்தை மீறக்கூடும்.

சாங்கியில் நடந்தது

இந்தக் கருவிக்கு இப்பகுதியில் இன்னொரு வரலாறும் உண்டு. 2003இல் சார்ஸ் கிருமி சிங்கப்பூரில் 238 பேரைத் தொற்றி 33 பேரைப் பலிகொண்டது. விமான நிலையத்தில் ஒவ்வொரு பயணிக்கும் வெப்பமானி வைத்துப் பார்க்க முடியாத நிலை. தற்காப்பு அறிவியல், தொழில்நுட்ப அமைப்பும் எஸ்டி எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இராணுவத்தின் வெப்பப் படக்கருவி ஒன்றை எடுத்து, சில நாள்களிலேயே காய்ச்சல் கண்டறியும் கருவியாக மாற்றின. பதினேழு ஆண்டுகள் கழித்து, கொவிட்-19 காலத்தில், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பேரங்காடி வாசல்களில் நின்ற கேமராக்கள் அதே வழியில் வந்தவைதான்.

எதிரியைத் தேடச் செய்த கருவி நோயாளியைத் தேடியது என்பதைவிட, அது பயன்படுத்தப்பட்ட முறை முக்கியம். திரையில் ஒருவரின் முகம் சிவப்பாகத் தெரிந்தால் அவருக்குக் காய்ச்சல் என்று யாரும் முடிவு செய்யவில்லை. வெயிலில் நடந்து வந்திருக்கலாம், ஓடி வந்திருக்கலாம். தோலின் சூடு வேறு, உடலின் சூடு வேறு. அவரைத் தனியே அழைத்து, தாதி வெப்பமானி வைத்துப் பார்த்த பிறகே அடுத்த முடிவு. கருவி சுட்டிக்காட்டியது, மனிதர் சரிபார்த்தார்.

போர்முனையிலும் காட்டிலும் அந்த இரண்டாவது படிக்கு நேரம் குறைந்துகொண்டே போகிறது. உணரிகள் கூர்மையாகின்றன, விலை இறங்குகிறது, சில ட்ரோன்களில் இலக்கைப் பின்தொடரும் வேலையை மென்பொருளே செய்யத் தொடங்கிவிட்டது. தேசிய சேவையில் இரவுப் பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகளும், நெற்றி விளக்கோடு தோட்டத்துக்குள் நடக்கும் தொழிலாளர்களும் இனி ஏதாவது ஒரு திரையில் வெண்புள்ளியாகத் தெரியத்தான் போகிறார்கள். அந்தப் புள்ளி யார் என்று தெரியும் தூரத்துக்கு வரும்வரை விரல் காத்திருக்குமா என்பதை எந்த நோக்கியின் விலைச்சீட்டும் சொல்லாது.